ஒன்று பத்துக்கு வருபவர்

ஜூன் 10, செவ்வாய்

இன்று ஒரு சின்ன விஷயம் கண்ணில் பட்டது. எங்கள் சேலைகளுக்கான வலைத்தளத்துக்கு யார், எந்த ஊரிலிருந்து, எத்தனை மணிக்கு வந்தார்கள் என்று காட்டும் பட்டியல் ஒன்று உண்டு. அதில் கோயம்புத்தூரிலிருந்து ஒருவர் தினமும் மதியம் ஒன்று பத்துக்கு வருகிறார். சேலை எதையும் பார்ப்பதில்லை. ‘எங்களைப் பற்றி’ என்ற பக்கத்தை மட்டும் திறக்கிறார். உடனே போய்விடுகிறார். ஒன்பது நாளாக இப்படி.

அந்தப் பக்கத்தை யாரும் பார்ப்பதே இல்லை. வாங்க அதில் ஒன்றும் கிடையாது. ‘1994 முதல் சங்கரன்கோவிலில் விசைத்தறிச் சேலைகள்’ என்று ஒரு வரி. அதற்குக் கீழே எங்கள் வீட்டுப் படம். அப்பா, அம்மா, நான்.

ஜூன் 11, புதன்

இன்றும் ஒன்று பத்து.

வீட்டை விட்டுப் போன என் அக்கா மாரிசெல்வியும் அப்சலும் கோயம்புத்தூர்ப் பக்கம் இருப்பதாக, சேலை மடிக்க வரும் ஆறுமுகத்தாய் அக்கா பங்குனியில் ஒருநாள் சொன்னாள். “மோட்டார் கம்பெனில வேலையாம்ட்டி. ஒங்கப்பா காதுல போட்டுராத, எனக்கு வேலை போயிரும்.” கம்பெனி என்றால் மதியம் ஒரு மணிக்குத்தானே சாப்பாடு. சாப்பிட்டு, கை கழுவி, போனை எடுக்க — பத்து நிமிடம் ஆகும்.

நானாக நினைத்துக்கொள்கிறேனா?

ஜூன் 13, வெள்ளி

வெள்ளிக்கிழமை பேக்கப் எடுக்கும் நாள். யாரும் சொல்லித்தரவில்லை. போன ஆடியில் தெரியாமல் ஒரு பொத்தானை அழுத்தி இருபது சேலைகள் காணாமல் போனபோது கற்றுக்கொண்டேன். இப்போது தளம் முழுவதையும் ஒரு பிரதி எடுத்து, ஒன்றைக் கணினியிலும் ஒன்றைப் பென்டிரைவிலும் வைக்கிறேன். எதை மாற்றினாலும் முதலில் பிரதி, பிறகுதான் மாற்றம்.

என் கைக்கு வருவதற்கு முன்பு இதையெல்லாம் அக்காதான் பார்த்தாள். சேலையைக் கட்டிக்கொண்டு படத்துக்கு நிற்பதும் அவள்தான். போன வருஷம் மே மாதம் அவள் அப்சலோடு போன அன்று, அப்பா முற்றத்தில் நின்று ஒரு குடம் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டார். “மூத்தவள தலை முழுகியாச்சு. எனக்கு இனி ஒரே மகதான்.” ஈரத்தோடு கடைக்குப் போனார். ஜூனில் என் பள்ளிக்கூடம் நின்றது. பதினொன்றாம் வகுப்புக்கு வாங்கிய புத்தகங்களுக்கு அட்டைகூடப் போடவில்லை. அதற்குப் பதில் இந்தத் தளம் என் கைக்கு வந்தது.

அப்பா சொன்ன முதல் வேலை: “அவ மொகம் எங்கனயும் இருக்கக் கூடாது.”

அறுபத்திரண்டு படங்கள். ஒவ்வொன்றையும் கழுத்தோடு வெட்டினேன். மதுரைக்காரர் ஒருவர் எழுதியிருந்தார் — முகம் இல்லாமல் எடுப்பது புதுமையாக இருக்கிறதாம், சேலை மட்டும் நன்றாகத் தெரிகிறதாம்.

வீட்டுப் படத்தில்தான் கஷ்டம். ஓரத்தில் நின்ற அக்காவை வெட்டிவிட்டேன். ஆனால் அவள் கை என் தோள்மேல் இருந்தது. அதை வெட்டினால் என்னையும் வெட்ட வேண்டும். அப்பா சரியாகப் பார்க்கவில்லை. இன்னும் நான்கு விரல்கள் அங்கே இருக்கின்றன.

அதைப் பார்க்கத்தான் வருகிறாளோ.

ஜூன் 15, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமையும் ஒன்று பத்துக்கு வந்திருக்கிறாள். ஓவர்டைமாக இருக்கும்.

ஜூன் 18, புதன்

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாதோ என்று இப்போது தோன்றுகிறது.

தறிக்கு வேண்டிய நூலைத் தார்க்குச்சியில் சுற்றிக்கொண்டிருந்தாள். மிஷினை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

“நெசமாவாட்டி?”

“கோயம்புத்தூர்னு காட்டுதும்மா. வேற யாரு அந்தப் பக்கத்தப் போயி தெனமும் பாப்பா?”

“எம்புட்டு நேரம் பாக்கா?”

“கொஞ்ச நேரந்தான்.”

“சாப்பிட்ட நேரமா இருக்கும். அவளுக்கு நின்னு பாக்க எங்கன முடியும்.” சேலை முந்தியால் முகத்தைத் துடைத்தாள். வியர்வைதான் என்று நினைக்கிறேன். பிறகு, “அந்தப் படத்துல நான் கருப்பா இருக்கேன்ட்டி, வேற படம் போடு” என்றாள்.

ஜூன் 23, திங்கள்

இப்போதெல்லாம் ஒரு மணி ஆனால் அம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுகிறாள். அப்பா கடையில் இருக்கும் நேரம் அது. பட்டியலில் அந்த வரி வந்ததும் விரல் வைத்துக் காட்டச் சொல்கிறாள். அவளுக்கு இங்கிலீஷ் எழுத்து தெரியாது. அந்த ஒரு வரியின் உருவம் மட்டும் இப்போது தெரியும்.

நேற்று மஞ்சள் பூசிக் குளித்து, அரக்குச் சேலை கட்டிக்கொண்டு தறிக்கு முன்னால் நின்றாள். படம் எடுத்து அந்தப் பக்கத்தில் சேர்த்தேன். இன்று சொல்கிறாள், “பின்னால முருங்க காச்சித் தொங்குதுல்ல, அதையும் போடு. அவ பாக்கட்டும்.”

“சேலை விக்கிற எடத்துல முருங்கக்காயப் போட முடியுமாம்மா?”

“ஏன், வாங்க வந்தவன் கொழம்பு வச்சித் திம்பான்.”

ரொம்ப நாள் கழித்து அம்மா சிரித்தாள். நானும்.

ஜூன் 27, வெள்ளி

சிவகிரியிலிருந்து ஒரு அம்மா சேலையைத் திருப்பி அனுப்பிவிட்டார். ராமர் பச்சை கேட்டாராம், கிளிப் பச்சை வந்ததாம். தப்பு என்னுடையதுதான். ‘பச்சை’ என்று மட்டும் போட்டிருந்தேன். எங்கள் திரையில் ஒரு நிறம், அவர் போனில் ஒரு நிறம். இனிமேல் படத்தை மட்டும் நம்பக் கூடாது. வாங்குகிறவர்கள் வாயில் வரும் பெயரையே எழுத வேண்டும்: ராமர் பச்சை, மயில்கழுத்து, வெங்காயத் தோல், மாம்பழ மஞ்சள். படத்தையும் வெயிலில் எடுக்காமல் வாசல் நிழலில் எடுக்க வேண்டும்.

அவர் போன் பண்ணியபோது நான் எடுக்கவில்லை. அப்பா திட்டினார். “வாய்க்குள்ள கொழுக்கட்டையா வச்சிருக்க? பேசுனா முத்தா உதுந்துரும்?” எனக்குத் தட்டச்சு செய்தால் வார்த்தை வருகிறது. ‘ஹலோ’ என்று ஒருவர் சொன்னால் வந்த வார்த்தையும் ஓடிவிடுகிறது. என்ன செய்ய.

படங்களையும் சிறிதாக்கினேன். ஒவ்வொன்றும் நாலு எம்பி இருந்தது. ஆறுமுகத்தாய் அக்காவின் கீறல் விழுந்த போனில் தளத்தைத் திறந்து பார்த்தபோது, ஒரு சேலை திரையில் முழுதாக வருவதற்குள் அவள் மூன்று சேலை மடித்துவிட்டாள். இப்போது உடனே வருகிறது. நல்ல போனில் பார்த்துத் திருப்திப்படக் கூடாது. இருப்பதிலேயே மோசமான போனில் பார்க்க வேண்டும்.

அக்காவிடம் என்ன போன் இருக்கிறதோ.

ஜூலை 4, வெள்ளி

அம்மாவுக்குக் கர்ப்பப்பையை எடுக்க வேண்டுமாம். கட்டி பெரிதாகிவிட்டது. இத்தனை நாள் வலியை எங்களிடம் சொல்லாமலேயே இருந்திருக்கிறாள். பாளையங்கோட்டைப் பெரிய ஆஸ்பத்திரியில் இருபத்திநாலாம் தேதி. ரத்தம் குறைவாக இருப்பதால் கொஞ்சம் பயம் உண்டு என்று டாக்டர் அப்பாவிடம் சொன்னது எனக்கும் கேட்டது. அம்மாவுக்கும் கேட்டிருக்கும்.

பஸ்ஸில் வரும்போது அம்மா மெதுவாக, “பெரியவளுக்கு...” என்று ஆரம்பித்தாள். அப்பா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, “யார்ட்டயும் சொல்லிட்டுத் திரிய வேண்டாம்” என்றார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். “நீ சொல்லிருட்டி. அவதான் தெனமும் வாராள்ல. எப்படியாவது சொல்லிரு. நான் உள்ள போறதுக்கு முன்ன ஒருக்கா அவளப் பாத்துரணும்.”

ஜூலை 7, திங்கள்

மூன்று நாள் யோசித்தேன். முகப்புப் பக்கத்தில் போட்டால் அப்பா பார்ப்பார். சேலைப் பக்கங்களையும் அவர் பார்ப்பார். ‘எங்களைப் பற்றி’ பக்கத்தின் அந்த முதல் வரியைத்தான் அவர் எப்போதும் படிப்பதில்லை. அவரே சொல்லி எழுதிய வரி அது. அதனாலேயே படிப்பதில்லை.

பிரதி எடுத்துக்கொண்டேன். ‘1994 முதல்’ வரியை எடுத்துவிட்டேன். அந்த இடத்தில், அதே அளவு எழுத்தில்:

‘அம்மாவுக்கு ஜூலை 24, பாளையங்கோட்டையில் ஆபரேஷன். உன்னைப் பார்க்க வேண்டும் என்கிறாள்.’

அம்மாவிடம் படித்துக் காட்டினேன். “போதும். அவளுக்குப் புரியும்” என்றாள்.

ஜூலை 8, செவ்வாய்

மதியம்.

ஒன்று பத்துக்கு வந்தாள்.

ஒன்று பதினொன்றுக்கு மறுபடியும். ஒன்று பன்னிரண்டு. ஒன்று பதினைந்து. ஒன்று இருபது. இத்தனை நாளில் ஒருமுறைகூட இரண்டாவது தடவை வந்ததில்லை. அம்மா என் தோளைப் பிடித்து அழுத்திக்கொண்டே இருந்தாள். “படிச்சிப் படிச்சிப் பாக்கா பாரு. நம்ப முடியல அவளுக்கு. அழுதிருப்பா மக்கா.”

சாயங்காலம்.

எப்படி எழுதுவது.

மூன்று மணிக்கு, ஆர்டருக்காக வைத்திருக்கும் போன் அடித்தது. நம்பர் 0422 என்று ஆரம்பித்தது. கோயம்புத்தூர். நான் போனே எடுக்காதவள். எடுத்துவிட்டேன். “அக்கா” என்றேன்.

“ஆமாங்க, லட்சுமிப்ரியா பேசறேனுங்க. உங்க வெப்சைட்ட செஞ்சு குடுத்த கம்பெனியிலிருந்து. சைட்ட யாராச்சும் ஹேக் பண்ணிட்டாங்களான்னு கேக்கத்தான் கூப்பிட்டேன். ஒரு பக்கத்துல வார்த்தையெல்லாம் மாறியிருக்குங்க.”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் பொறுமையாகச் சொன்னார். போன மே மாதம் வேறு யாருடைய தளத்தையோ யாரோ கெடுத்துவிட்டார்களாம். அதனால் ஜூன் ஒன்றாம் தேதியிலிருந்து எல்லாத் தளங்களையும் ஒரு புரோகிராம் தினமும் ஒருமுறை போய்ப் பார்க்கிறதாம். உயிரோடு இருக்கிறதா, பழைய வார்த்தைகள் அப்படியே இருக்கின்றனவா என்று. மாறியிருந்தால் நாலைந்து தடவை திரும்பப் பார்த்துவிட்டு அவருக்குச் சொல்லுமாம்.

“எத்தன மணிக்குப் பாக்கும்?” என்று கேட்டேன்.

“உங்களுதுங்களா... இருங்க. ஒண்ணு பத்துக்குங்க. எப்பவும் மாறாத பக்கமாப் பாத்து ஒண்ண எடுத்து வச்சுக்குவோம். உங்களுதுல ‘எங்களைப் பற்றி’ இருக்குங்க.”

“நீங்க எந்த ஊரு?”

“கோயமுத்தூர்தானுங்க. காந்திபுரம்.”

ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் அந்தக் கம்பெனியின் பெயர் இருக்கிறது. ஒரு வருஷமாக நான் பார்க்கும் பெயர். ஊர் எது என்று ஒருநாளும் கேட்டதில்லை.

அவர், “அந்த வரி நீங்க போட்டதுங்களா?” என்றார். ஆமாம் என்றேன். “சரிங்க. நான் ஒண்ணும் மாத்தலைங்க. அம்மாவப் பாத்துக்கோங்க” என்று வைத்துவிட்டார்.

அக்கா இல்ல. ஒருநாளும் அக்கா இல்ல. மிஷினு. ஞாயித்துக்கெழமையும் வந்துச்சே, அப்பவே எனக்குத் தெரிஞ்சிருக்கணும்ல. ஒரு மனுசி தெனமும் நிமிசம் தப்பாம வருவாளா. நான்தான் ஓவர்டைம்னு சொன்னேன். நான்தான் அம்மாகிட்ட சொன்னேன்.

ஜூலை 9, புதன்

ஒன்று பத்துக்கு அம்மா கேட்டாள். “வந்துட்டா” என்றேன்.

ஜூலை 11, வெள்ளி

பிரதி எடுத்தேன். பழைய வரியைத் திரும்பப் போட்டேன். படிக்க யாரும் இல்லாத வரி எதற்கு?

பட்டியலைப் பார்த்தால் முதலில் மிஷின்களைத் தனியாகப் பிரிக்க வேண்டும். பிறகுதான் மனிதர்களை எண்ண வேண்டும். இன்று பிரித்துப் பார்த்தேன். நேற்று நூற்று நாற்பது என்று காட்டியது. மனிதர்கள் இருபத்தி மூன்று. அவர்களில் ஒருவர்கூட அந்தப் பக்கத்துக்குப் போகவில்லை.

அம்மா தெம்பாக இருக்கிறாள். மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாள். அக்கா வரும்போது கட்டிக்கொள்ள என்று மாம்பழ மஞ்சளில் ஒரு சேலை எடுத்து வைத்திருக்கிறாள். நான் என்ன செய்ய? இப்போது சொன்னால் ஆஸ்பத்திரிக்கே வரமாட்டேன் என்பாளோ? சொல்லாமல் இருந்தால், இருபத்திநாலாம் தேதி வாசலையே பார்த்துக்கொண்டு உள்ளே போவாள்.

ஜூலை 14, திங்கள்

அப்சலின் வீடு இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறது. அவனுடைய அம்மா கதீஜம்மாளுக்குத் தெரியாமல் இருக்குமா? ஒரு வருஷமாக நான் அந்தத் தெரு வழியாகவே போவதில்லை. அப்பா போகக் கூடாது என்றார். எனக்கும் பயம்.

இன்று மூன்று தடவை அந்த வீட்டைத் தாண்டி நடந்தேன். கதவு திறந்துதான் இருந்தது. திரும்பி வந்துவிட்டேன்.

ஜூலை 16, புதன்

போனேன்.

கதீஜம்மாள் வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். “யாரு புள்ள?” என்றார்.

“மாரிசெல்வி தங்கச்சி.”

சொளகைக் கீழே வைத்துவிட்டார். முகம் வெளுத்துப்போனது. “என்னம்மா ஆச்சு? புள்ளைக எப்படி இருக்குதுவோ?”

நான் கேட்க வந்ததை அவர் என்னிடம் கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. தெரியாது என்று தலையை மட்டும் ஆட்டினேன்.

“ஒனக்கும் தெரியாதா?” என்று படியிலேயே உட்கார்ந்துவிட்டார். “நோம்பு நேரத்துல ஒருக்கா பேசுனான். கோயம்புத்தூர விட்டுட்டோம் உம்மான்னான். எங்கன இருக்கன்னு கேக்கதுக்குள்ள கட்டாயிட்டு. அந்த நம்பர் இப்ப போக மாட்டேங்கு. பொம்பளப் புள்ள, பெத்தவகிட்ட பேசாம இருக்க மாட்டா, ஒங்க வீட்ல கேட்டா தெரியும்னு நெனச்சிக்கிட்டே இருந்தேன். ஒங்கப்பா முன்னால நான் எப்படி வந்து நிப்பேன், சொல்லு?”

அம்மாவைப் பற்றிச் சொன்னேன். என்றைக்கு, எந்த ஆஸ்பத்திரி என்று இரண்டு தடவை கேட்டுக்கொண்டார். “அல்லா லேசாக்கித் தருவான். அழாத புள்ள.” டீ போட்டுக் கொடுத்தார். குடித்தேன்.

இரண்டு தெரு இடைவெளியில், அந்த வீட்டுக்குத் தெரியும் என்று இந்த வீடும், இந்த வீட்டுக்குத் தெரியும் என்று அந்த வீடும் இருந்திருக்கின்றன.

ஜூலை 17, வியாழன்

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தார் சுற்றும் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்தவில்லை.

சுற்றிக்கொண்டே கேட்டாள். “அப்போ, நான் மஞ்சப் பூசிட்டு நின்னனே, அதையும் மிஷினா பாத்துச்சு?”

“ஆமாம்மா.”

“சரி” என்றாள்.

ஒரு மணிக்கு என் பக்கத்தில் வரவில்லை.

ஜூலை 20, ஞாயிறு

சாப்பிடும்போது அம்மாதான் ஆரம்பித்தாள்.

“வியாழக்கெழம நான் உள்ள போறேன். மூத்தவளுக்குத் தெரியணும். எங்கன இருக்கான்னு யாருக்கும் தெரியல. நம்ம கடைப் பேருதான் அவளுக்குத் தெரியும். கம்ப்யூட்டர்ல மொத பக்கத்துலயே போடச் சொல்லுங்க.”

“நான் தலை முழுகிட்டேன்.” அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்.

“நீங்கதான முழுகுனீய. நான் இன்னும் முழுகலயே.”

அம்மா அப்பாவிடம் இப்படிப் பேசி நான் கேட்டதில்லை. சத்தம் போடவில்லை. குழம்பு வேண்டுமா என்று கேட்கிற குரலில்தான் சொன்னாள். அப்பா பாதியில் கை கழுவிவிட்டார். வெளியே போகும்போது என் மேசைக்குப் பக்கத்தில் நின்றார். திரையைப் பார்த்தார். வேண்டாம் என்று சொல்லவில்லை. போடு என்றும் சொல்லவில்லை.

ஜூலை 21, திங்கள்

போட்டேன். முகப்புப் பக்கத்தில், சேலைகளுக்கு மேலே, பெரிய எழுத்தில். ‘மாரிசெல்வி’ என்று பெயரைப் போட்டே எழுதினேன். அவள் பெயரை அந்தத் தளத்தில் தட்டச்சு செய்தது இதுதான் முதல் தடவை. ஆபரேஷன் தேதி, ஆஸ்பத்திரி, வார்டு. ‘முகம்மது அப்சல், உங்கள் உம்மாவும் தேடுகிறார்’ என்று ஒரு வரி. கடைசியில் ஆர்டர் போனின் நம்பர். அதற்குப் பக்கத்தில், ‘நான்தான் எடுப்பேன்.’

ஆறுமுகத்தாய் அக்காவின் போனில் திறந்து பார்த்தேன். உடனே வந்தது.

ஜூலை 24, வியாழன். பாளையங்கோட்டை

காலை ஒன்பதுக்கு உள்ளே அழைத்துப் போனார்கள். ஸ்ட்ரெச்சரில் படுத்திருந்த அம்மா தலையைத் தூக்கி, வராந்தா முழுவதையும் ஒருமுறை பார்த்தாள்.

பத்தரைக்குக் கதீஜம்மாள் வந்தார். முதல் பஸ் பிடித்து வந்திருக்கிறார். பிளாஸ்க்கில் கஞ்சி கொண்டுவந்திருந்தார். பெஞ்சின் ஒரு ஓரத்தில் அப்பா, மறு ஓரத்தில் அவர், நடுவில் நான். மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் மூன்று பேரும் நிமிர்ந்து பார்த்தோம்.

போன் ஆறு தடவை அடித்தது. ஆறையும் எடுத்தேன். எல்லாம் சேலை கேட்டுத்தான்.

பன்னிரண்டரைக்கு டாக்டர் வந்து, நல்லபடியாக முடிந்தது என்றார். அப்பா வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கதீஜம்மாள் கஞ்சியை டம்ளரில் ஊற்றி, என்னிடம் கொடுத்து, “அவுங்களுக்குக் குடு” என்றார். அப்பா வாங்கிக் குடித்தார்.

ஜூலை 25, வெள்ளி

மயக்கம் முழுதாகத் தெளிந்ததும் அம்மா உதட்டை அசைத்தாள். “வந்தாளா?”

இல்லை என்றேன்.

ஆகஸ்ட் 4, திங்கள்

அம்மாவை வீட்டுக்குக் கூட்டிவந்து மூன்று நாளாகிறது. கஞ்சி குடிக்கிறாள். சுவரைப் பிடித்துக்கொண்டு அடுப்படி வரை நடக்கிறாள். கோயிலில் ஆடித்தபசுத் திருவிழா; ஊருக்குள் கூட்டம் வரத் தொடங்கிவிட்டது. கடையில் ஆள் நிற்க இடமில்லை.

சாப்பிட வந்த அப்பா கேட்டார். “தேதிதான் முடிஞ்சிட்டே. அது ஏன் இன்னும் அங்கன கெடக்கு?”

முடிந்துபோன தேதியைத் தளத்தில் விட்டுவைக்கக் கூடாது. அவர் சொல்வது சரிதான்.

பிரதி எடுத்தேன். ஆபரேஷன் தேதியை எடுத்தேன். ஆஸ்பத்திரியை எடுத்தேன், வார்டை எடுத்தேன். மாரிசெல்வி என்ற பெயருக்குக் கீழே, ‘அம்மா வீட்டுக்கு வந்துவிட்டாள். எழுந்து நடக்கிறாள்’ என்று எழுதிச் சேமித்தேன்.